முதல் காது

கார்த்திகை 2, ஞாயிறு

பேரு சொரிமுத்து. வயசு எழுபத்தாறு. கடனாநதி வட்டார எழுத்தாளர் மன்றத்துல ஏழாம் நம்பர் மெம்பர். எழுதப் படிக்கத் தெரியாது. இத மொதல்லயே சொல்லிரணும், அப்புறம் யாரும் ஏமாந்தோம்னு சொல்லக் கூடாது.

இன்னைக்கு மன்றத்துல நாட்குறிப்புப் பட்டறை. பாளையங்கோட்டையிலேருந்து ஒரு டீச்சரம்மா வந்திருந்தாவ. தை மாசக் கூட்டம் வரைக்கும் மெம்பர் எல்லாரும் நாட்குறிப்பு எழுதியே ஆகணும்னு சொல்லிட்டாவ. வேலாயுதம், ரிட்டையர்டு கிராம அதிகாரி, கவிதை எழுதுவாரு, அவரு என்னையப் பாத்து, "அப்பம் நம்ம ஏழாம் நம்பரு?"ன்னாரு. எல்லாரும் சிரிச்சாவ. நானும் சிரிச்சேன்.

செயலாளர் தளவாய் என் போன வாங்கி எதையோ அமுக்கினாரு. "அண்ணாச்சி, இந்த மைக் படத்த அமுக்கிட்டுப் பேசும். அதுவா எழுதிக்கிடும்."

பேசுதேன். எழுதுதாம். நெசமா எழுதுதா, இல்ல என்ன சொன்னாலும் சும்மா தலைய ஆட்டிக்கிட்டு இருக்கான்னு நான் எப்படிக் கண்டேன்? போகட்டும். தலையாட்டினாலும் மரியாதைதான்.

கார்த்திகை 5, புதன்

காலையில மழ. வாழைக்குக் கம்பு ஊணினேன். சொசைட்டிக்குப் போய் பால் ஊத்திட்டு வந்தேன்.

மக செண்பகம் தையக்கடைக்குப் போகும்போது, "எப்பா, குக்கரு மூணு விசில் அடிச்சா அணைச்சிருங்க"ன்னு சொல்லிட்டுப் போனா. நான் அடுப்படி வாசல்லயே நாற்காலி போட்டு உக்காந்திருந்தேன். ஒரு விசிலும் அடிக்கல. கரிஞ்ச வாடை வந்தப்புறம்தான் எந்திரிச்சேன். பருப்பு அடியோட போச்சு. மத்தியானம் வந்தவகிட்ட, குக்கரு வெயிட்டு தேஞ்சு போச்சு, வேற மாத்துன்னேன். அவ குக்கரையும் என்னையும் மாத்தி மாத்திப் பாத்தா.

கார்த்திகை 10, திங்கள்

ஆவுடை வந்து கத வாசிச்சுட்டுப் போனா. அதச் சொல்லணும்னா முதல் காது எப்படி வந்துதுன்னு சொல்லணும்.

மில்லுல நான் ஸ்பின்னிங்ல இருந்தேன். சங்கக் கட்டடத்துல கோமதிநாயகம் சார் ஷிப்டு முடிஞ்சவங்களுக்குப் பேப்பர் வாசிச்சுக் காட்டுவாரு. மறுநாளு, "சொரிமுத்து, நேத்து என்ன வாசிச்சேன்?"பாரு. நான் முதல் பக்கத்துலேருந்து திருப்பிச் சொல்லுவேன், எண்ணெய் விலை வரைக்கும். அவருக்கு அது ஒரு வேடிக்க. பொறவு அவரு இந்த மன்றத்த ஆரம்பிச்சப்போ ஒரு விதி போட்டாரு. "படிச்சவன் படிச்சவனுக்கு வாசிச்சுக் காட்டினா ரெண்டு பேரும் பொய் சொல்லுவான். கத சொரிமுத்து காதுல நிக்குதான்னு மொதல்ல பாருங்க."

அதான் முதல் காது. வருசத் தொகுப்புக்குக் கத குடுக்கிறவங்க என் வீட்டுக்கு வந்து ஒரே ஒரு தடவ எனக்கு வாசிக்கணும். பட்டறையன்னைக்கு எல்லார் முன்னாலயும் நான் அத என் வாயால மறுசொல்லு சொல்லணும். எழுதினவங்க அப்பம் வாயே தொறக்கக் கூடாது. நான் எங்க தாண்டிப் போறேனோ அங்க கத மெலிஞ்சு கெடக்குன்னு அர்த்தம். முடிவே மாறிப் போச்சுன்னா அந்தக் கத வந்து சேரலன்னு அர்த்தம். வீட்டுக்குக் கொண்டு போய் மறுபடி எழுதிட்டு அடுத்த வருசம் வரணும். சார் செத்து வருசமாச்சு, விதி சாகல. நான் ஒருத்தர்கிட்டயும் இதுவரைக்கும் "திருப்பிச் சொல்லு"ன்னு கேட்டதில்ல. ஒரு தடவ போதும் எனக்கு. அது ஊருக்கே தெரியும்.

ஆவுடை பள்ளிக்கூடத்துச் சத்துணவுல சமைக்கா. நாப்பதுக்குள்ளதான் இருக்கும். புருசன் லாரி வேலைன்னு சொல்லுவாவ, நான் பாத்ததில்ல. மன்றத்துக்கு வந்து நாலு வருசமா மத்தவங்க கதையக் கேட்டுக்கிட்டே இருந்தா. இப்பத்தான் முதல் கத குடுக்கா. ஜன்னல் பக்கம் உக்காந்தா. கூச்சத்துல தாள மூஞ்சிக்கு நேரா தூக்கிப் பிடிச்சுக்கிட்டா. இப்ப இது ஒரு பழக்கமாப் போச்சு. ஒண்ணு தாளுக்குப் பின்னால ஒளியறாவ, இல்லன்னா போனக் குனிஞ்சு பாத்து வாசிக்காவ. கோமதிநாயகம் சாரு தல நிமுந்துதான் வாசிப்பாரு. மேல தகரக் கூரையில மழ வேற அடிச்சுது.

தாளு எறங்கின நேரத்துல எல்லாம் கத நல்லா வந்துது. ஒருத்தன் தீப்பெட்டி லோடு ஏத்திக்கிட்டு வடக்க போறான். பொண்டாட்டி வீட்டுல இருக்கா. நடுவுல ஒருக்க அவ கைய இப்படி, அரிசி அளக்குற மாதிரி வச்சுக் காட்டினா. கடைசிப் பக்கத்துல தாளு ஆடுனுச்சு. அப்புறம் மடிச்சு மடியில வச்சுட்டு என்னைய நிமுந்து பாத்தா.

"முடிவு சரியா வந்திருக்கா தாத்தா?"

"பட்டறையில சொல்லுதேன் தாயி. இப்பமே சொன்னா நியாயமில்ல."

அவ சிரிச்சா. அவ சிரிச்சு நான் அதிகம் பாத்ததில்ல. இந்தக் கத தொகுப்புல வரணும்னு அவளுக்கு எவ்வளவு இருக்குன்னு அந்தச் சிரிப்புல தெரிஞ்சுது.

மழதான் காரணம். தகரக் கூரை.

கார்த்திகை 11, செவ்வாய்

நேத்து அப்படி ஒண்ணும் பெரிய மழ இல்லியேன்னு செண்பகம் சொல்லுதா. அவ கடைக்குள்ள இருந்தா, அவளுக்கு என்ன தெரியும்.

கார்த்திகை 17, திங்கள்

திங்கக்கிழம மன்றச் செய்தி வரும். முன்னால மஞ்சத் தாள்ல அச்சடிச்சுக் குடுத்தாவ. எனக்கு வாசிக்கத் தெரியாதுன்னு தளவாய் அத மாத்தி, தன் குரல்லயே பேசி எல்லார் போனுக்கும் அனுப்புதாரு. எனக்காகத்தான் மாத்தினாரு. அதனால ஒண்ணும் சொல்லவும் முடியல.

நான் போனத் தொறக்காம நேரா அவரு உரக்கடைக்குப் போயிட்டேன். "செய்திய உம்ம வாயால கேட்டாத்தான் வே ருசி"ன்னு எதுத்தாப்புல ஸ்டூலப் போட்டு உக்காந்தேன். தளவாய்க்குச் சந்தோசம். என் மூஞ்சியப் பாத்து ஒண்ணொண்ணா சொன்னாரு. மார்கழி பதினாலு ஞாயிறு பட்டறை. தொகுப்புக்குப் பதினோரு கத வந்திருக்கு. நாகர்கோவில்லேருந்து பதிப்பாளர் வாராரு, அன்னைக்கே கையில வாங்கிட்டுப் போயிருவாரு.

"ஆவுடை கத கேட்டீரா அண்ணாச்சி? நான் படிச்சேன். ரெண்டு நாளு சோறு எறங்கல."

"ம்."

"என்ன ம்?"

"முடிவு... முடிவு உமக்கு எப்படிப் பட்டுது?"

தளவாய் கைய நீட்டி என் தொடையில ஒரு அடி அடிச்சாரு. "என்னையே சோதிக்கீரா வே? வாயத் தொறக்க மாட்டேன். விதின்னா விதி. உம்ம வாயாலதான் அது வரணும்."

ரெண்டு கிலோ எரு வாங்கிட்டு வந்தேன். வாழைக்குத் தேவையில்ல, இருந்தாலும் வாங்கினேன்.

கார்த்திகை 24, திங்கள்

வேலாயுதம் வந்து கவித வாசிச்சாரு. அவரு மீசை உதட்ட மூடிக் கீழ வரைக்கும் தொங்குது. அதுக்குப் பின்னால வாயி இருக்கான்னே சந்தேகம். நல்லவேள கவிதைக்கு மறுசொல்லு கெடையாது. "ஆகா"ன்னா போதும். மூணு எடத்துல ஆகான்னேன். மனுசன் சந்தோசமாக் காப்பி குடிச்சுட்டுப் போனாரு.

மத்த கதைங்க எல்லாம் நல்லா கெடச்சிருக்கு. ரெண்டு பேரு தலைய நிமுத்தி வாசிச்சாவ, குனிஞ்சு வாசிச்சவங்களுக்கு நான் கீழ தரையில உக்காந்து மூஞ்சியப் பாத்துக்கிட்டேன். மில்லுக்குள்ள அத்தன சத்தத்துல யாரும் கத்த மாட்டோம். கத்திப் புண்ணியமில்ல. வாயசைவுதான் பேச்சு. மேஸ்திரி வாரான், நூலு அந்துட்டு, வீட்டுல குழம்பு என்ன, எல்லாம் உதட்டுலதான். முப்பத்தி ரெண்டு வருசம் அப்படிப் பேசிப் பழகின கண்ணு. எனக்கு மூஞ்சி மட்டும் வேணும்.

ஆவுடை கத ஒண்ணுதான்.

மார்கழி 3, புதன்

கோயில்ல விடியக்காலம் பாட்டு போட ஆரம்பிச்சிருக்காவ. மைக் செட் காரன் இந்த வருசம் ரொம்ப மரியாதையா, சத்தத்தக் குறைச்சு வச்சிருக்கான். செண்பகம்கிட்ட சொன்னேன், பரவால்ல, ஊர் திருந்திட்டுன்னு. அவ கோலப்பொடி டப்பாவ அப்படியே கீழ வச்சுட்டு என்னையப் பாத்தா. பொறவு காதப் பொத்திக்கிட்டு நின்னா. குளிரு போல.

மார்கழி 5, வெள்ளி

பள்ளிக்கூடத்துக்குப் போனேன். ஆவுடை வேட்டி கட்டின ஆம்பள மாதிரி சேலையத் தூக்கிச் சொருகிக்கிட்டு அண்டாவுல சாம்பார் கிண்டிக்கிட்டு இருந்தா. என்னையப் பாத்ததும் ஒரு தட்டுல சோறும் முட்டையும் வச்சுக் குடுத்தா. வேணாம்னேன். "கத கேட்ட கூலி"ன்னா.

சாப்பிட்டுக்கிட்டே பேச்சக் கொண்டு வந்தேன். "தாயி, அந்தக் கத... இன்னொரு தடவ..."

"இன்னொரு தடவ என்ன?"

"நல்லாருக்குன்னு சொல்ல வந்தேன்."

"உங்களுக்கு ஒரு தடவ போதுமே! அதச் சொல்லித்தான என்னையப் பயங்காட்டினாவ." கரண்டிய அண்டா வெளிம்புல தட்டினா. "பொஸ்தகம் வந்தா ஒண்ண வடக்க போற லாரியில குடுத்து விடுவேன் தாத்தா. நாக்பூர் வரைக்கும் யாராவது வாசிக்கட்டும்."

ஏன்னு நான் கேக்கல. கேட்டிருந்தா அவளே சொல்லியிருப்பா. முட்டையத் தின்னுட்டு வந்துட்டேன்.

இன்னைக்குக் கேட்டிருந்தா ஒரு பிள்ளைக்கு முன்னால மானம் போயிருக்கும். அவ்வளவுதான் போயிருக்கும். ஆனா காது போச்சுன்னு தெரிஞ்சா மன்றத்துல எனக்கு என்ன வேல? எழுதத் தெரியாதவன் எழுத்தாளர் மன்றத்துல உக்காந்திருக்கது ஒத்தக் காரணத்துக்குத்தான். ஞாயித்துக்கிழம சட்டையத் தேச்சுப் போட்டுக்கிட்டுப் போக எனக்கு வேற எடம் எங்க இருக்கு?

காது போச்சுன்னு யாரு சொன்னா? நான் சொல்லல. அந்த வாக்கியத்த இந்தப் போனு அழிச்சா நல்லது. அழிக்கத் தெரியல.

மார்கழி 14, ஞாயிறு

பட்டறை.

நெல் கமிஷன் கடை மாடி. நாப்பது பேரு. பதிப்பாளரு வழுக்கத் தல, வெள்ளச் சட்ட, முன்வரிசையில உக்காந்திருந்தாரு. தளவாய் எனக்குத் துண்டு போத்தினாரு. நான் எப்பவும் உக்காருற மர நாற்காலி, எழுதினவங்க எதுத்தாப்புல பெஞ்சியில.

பத்துக் கத நல்லாப் போச்சு. கொய்யாத் தோட்டக் கதையில நடுவுல ஒரு சித்தப்பா வருவாரு, அவரத் தாண்டிட்டேன். எழுதினவன் தலையில அடிச்சுக்கிட்டான். "ஆமா, அந்த ஆளு தேவையில்ல." எல்லாரும் சிரிச்சாவ. நல்லாத்தான் இருந்துது.

பதினோராவது ஆவுடை. எண்ணெய் தேச்சு, புதுச் சேல கட்டி வந்திருந்தா. ரெண்டு கையையும் மடியில வச்சு என் எதுத்தாப்புல உக்காந்தா.

கைவசம் இருந்தத வச்சு ஆரம்பிச்சேன். தீப்பெட்டி லோடு ஏத்திக்கிட்டு ஒருத்தன் வடக்க போறான். பொண்டாட்டி வாசல்ல நின்னு பாக்கா. அது வரைக்கும் சரி, அவ தலைய ஆட்டினா. பொறவு? வடக்க போனவன் வருவான். வந்துதான ஆவான். பொண்டாட்டிக்காரி அரிசி அளக்கா. யாருக்கு அளப்பா, வாரவனுக்குத்தான். சாயங்காலம் ஒரு லாரி வந்து நிக்குது, எறங்குறான், கையில ஒரு கூட ஆரஞ்சு. அவ பாத்தும் பாக்காத மாதிரி அரிசியக் களையுதா. "ஓகோ, வழி தெரிஞ்சுதோ? நாக்பூர்ல எவளும் சோறு போடலியோ?"ங்கா. அவன் ஆரஞ்ச உரிச்சு நீட்டுதான். அவ மூஞ்சியத் திருப்பிக்கிட்டு, "கைகாலக் கழுவிட்டு வாங்க, உலையில உங்களுக்கும் சேத்துத்தான் போட்டிருக்கு"ங்கா.

பொம்பள மாதிரி இடுப்புல கைய வச்சுச் சொன்னேன். மாடியே சிரிச்சுது. வேலாயுதம் மீச குலுங்குது. பதிப்பாளரு கண்ணத் தொடச்சுக்கிட்டாரு. எனக்கே ஒரு தெம்பு வந்துட்டு, சரியாத்தான் புடிச்சிருக்கோம்னு.

அப்பந்தான் தளவாயப் பாத்தேன். அவரு சிரிக்கல. ஆவுடையப் பாத்தேன். விதிப்படி வாயத் தொறக்காம உக்காந்திருந்தா. மூஞ்சியில ஒண்ணுமே இல்ல. ரெண்டு உள்ளங்கையையும் விரிச்சு அதையே பாத்துக்கிட்டு இருந்தா, அதுல எதையோ வச்சிருந்து காணாமப் போன மாதிரி.

தளவாய் எந்திரிச்சு வந்து, முடிவு மாறிட்டு, கத வந்து சேரல, தொகுப்புல பத்துன்னு சொன்னாரு. என் மூஞ்சியப் பாத்துச் சொன்னாரு, அதனால ஒண்ணையும் தவற விடல. ஆவுடை தாள வாங்கி நாலா மடிச்சு இடுப்புல சொருகிட்டுப் படி எறங்கிட்டா. சாப்பாட்டுக்கு நிக்கல.

தக்காளிச் சாதம், வட. நான் தின்னேன்.

மார்கழி 15, திங்கள்

சொல்ல ஒண்ணுமில்ல. கத்திரிக்கா வாங்கினேன். ரெண்டு சொத்த.

மார்கழி 18, வியாழன்

முத்தத்துல வாழைச் சருகக் கழிச்சுக்கிட்டு இருந்தேன். திரும்பினா செண்பகம் பின்னால நிக்கா. கண்ணு கலங்கி இருக்கு.

"எப்பா, எவ்வளவு நேரமா கூப்பிடுதேன் தெரியுமா?"

"யோசனையில இருந்தேன்."

"தளவாய் மாமா செய்தி திங்கக்கிழமையே வந்திருக்கு. போடட்டா?"

"போடு."

போனத் தூக்கி என் காதுகிட்ட பிடிச்சா. நான் தலைய ஆட்டிக்கிட்டே இருந்தேன். அவ கொஞ்ச நேரம் என்னையப் பாத்துட்டுப் போன எடுத்து என் கண்ணுக்கு நேரா காட்டினா. அது அணஞ்சு கெடந்துது. அவ போடவே இல்ல.

நான் அருவாளக் கீழ வச்சேன்.

அவ என் எதுத்தாப்புல குத்த வச்சு உக்காந்தா. "நான் சொல்லுதேன், பாருங்க"ன்னா. கேளுங்கன்னு சொல்லல, பாருங்கன்னா. நிதானமா வாய அசச்சுச் சொன்னா. பொங்கலுக்கு மன்றத்துல கோலப் போட்டி. தொகுப்பு அச்சுக்குப் போவுது, பத்துக் கத. ஆவுடை மன்றத்துலேருந்து வெலகிட்டா. இனிமே எழுத மாட்டேன்னு தளவாய்கிட்ட சொல்லிட்டாளாம்.

"அது அவ கததானாம்ப்பா. அவ புருசன் லாரியில போயி ஒம்பது வருசமாச்சாம். இன்னும் வரலியாம். ஊரு முன்னால நீங்க அவர வரவச்சு, எல்லாரையும் சிரிக்க வச்சிருக்கீங்க."

செண்பகம் அப்புறமும் ஏதோ சொன்னா. தென்காசி, டாக்டரு, காதுல வைக்கிற மெஷினு. நான் பாக்கல. கண்ண மூடிக்கிட்டேன். எனக்கு இப்பம் கண்ண மூடினா எல்லாமே மூடிருது.

மார்கழி 22, திங்கள்

பள்ளிக்கூடம் தொறந்துட்டு. பிள்ளைங்க சாப்பிட்டுப் போன பொறவு போனேன். ஆவுடை குழாயடியில அண்டாவக் கவுத்துப் போட்டு வெளக்கிக்கிட்டு இருந்தா. என்னையப் பாத்தா, மறுபடி குனிஞ்சுக்கிட்டா.

எதுத்தாப்புல போய் நின்னேன். "தாயி, எனக்குக் காது கேக்கல."

தேங்கா நாரு கையில நின்னுட்டு. "இன்னைக்கா?"

"ரெண்டு வருசமாக் கொஞ்சங் கொஞ்சமா. இப்பம் சுத்தமா இல்ல. மூஞ்சியப் பாத்துத்தான் ஓட்டிக்கிட்டு இருக்கேன். நீ தாளால மூஞ்சிய மறைச்சுட்ட."

"அப்பம் எங்கதைய நீங்க கேக்கவே இல்ல."

"இல்ல."

"கேக்காமலே அத்தன பேரு முன்னால..." அப்புறம் அவ வாயி வேகமாப் போச்சு, பாதி கெடச்சுது, பாதி கெடைக்கல. கெடைச்ச பாதியே எனக்குப் போதும். கிழட்டு முண்டம்னாளான்னு கூட சந்தேகம். சொல்லியிருந்தாலும் தப்பில்ல. கரண்டியத் தூக்கி அண்டா மேல எறிஞ்சா. தண்ணி என் வேட்டியெல்லாம் தெறிச்சுது. சத்தம் எனக்கு இல்ல, வாசல்ல வாத்தியாரு எட்டிப் பாத்தாரு.

நான் போகல. "தாளு வேணாம். என்னையப் பாத்துச் சொல்லு. உனக்கு மனசு இருந்தா."

ரொம்ப நேரம் அண்டாவ வெளக்கினா. பொறவு கையத் தொடச்சுட்டு, என் எதுத்தாப்புல அந்தக் கவுத்துன அண்டா மேலயே உக்காந்து சொன்னா.

லாரி திரும்பி வந்துட்டு, வேற டிரைவர் ஓட்டிக்கிட்டு வந்தான். வழியில டீ குடிக்க எறங்கினவன் ஏறலன்னான். அவ தெனமும் உலைக்கு அரிசி அளக்கும்போது அரை ஒழக்கு சேத்துப் போடுதா. அவன் பங்கு. ராத்திரி மிஞ்சும், தண்ணி ஊத்துவா, காலையில அந்தப் பழைய சோத்த அவளே சாப்பிடுவா. மக வளந்து பெரியவளாகி ஒரு வார்த்த கேக்கல. ஊரும் கேட்டு ஓஞ்சுட்டு. ஒரு நாளு, அது ஒண்ணும் விசேசமான நாளில்ல, ஒரு செவ்வாக்கிழம, அளந்து எடுத்த அரை ஒழக்க உலைக்கு நேரா கொண்டு போயிட்டு, திரும்பப் பானையிலயே தட்டிருதா. ஒழக்கக் கவுத்து வைக்கா. அழல. உலை கொதிக்கிற சத்தம் மட்டும் கேட்டுக்கிட்டு இருக்கு. அவ்வளவுதான் கத.

நான் ஒரு வார்த்தையும் விடல. அந்த உலைச் சத்தமும் எனக்கு ஞாபகத்துல இருந்து வந்துது.

"தை மாசக் கூட்டத்துல இத இப்படியே சொல்லுதேன். காதப் பத்தியும் சொல்லிருதேன்"னேன்.

"சொல்லிட்டா அவிய உங்கள அந்த நாற்காலியில வைக்க மாட்டாவளே?"

"மாட்டாவ."

அவ தரையப் பாத்துக்கிட்டு இருந்தா. நெத்தியில ஒட்டின சோத்துப் பருக்கைய எடுத்துப் போட்டா. பொறவு தல நிமுந்து, "தாத்தா, நீங்க அன்னைக்குச் சொன்னீங்கள்லா, அத ஒருக்க சொல்லுங்க"ன்னா.

"எத?"

"அவரு வந்தத."

"அது பொய்யி தாயி."

"தெரியும். சொல்லுங்க."

ஆரம்பிச்சேன். சாயங்காலம் லாரி வந்து நிக்குது, எறங்குறான். அவ கையக் காட்டி நிறுத்தினா. "என்ன சட்ட?"

"நீதான் சொல்லணும்."

"நீலக் கட்டம்."

சரி, நீலக் கட்டம் போட்ட சட்ட. கையில ஒரு கூட ஆரஞ்சு. அவ பாத்தும் பாக்காத மாதிரி அரிசியக் களையுதா. இந்தத் தடவ நான் இடுப்புல கை வைக்கல, குரல மாத்தல, வேடிக்க காட்டல. வழி தெரிஞ்சுதோன்னு கேக்கா. அவன் ஆரஞ்ச உரிச்சு நீட்டுதான். கைகாலக் கழுவிட்டு வாங்க, உலையில உங்களுக்கும் சேத்துத்தான் போட்டிருக்கு.

அவ கண்ண மூடிக்கிட்டுக் கேட்டுக்கிட்டு இருந்தா. கண்ண மூடினா எனக்கு ஒண்ணும் கேக்காது. அவளுக்குக் கேட்டுது.

தை 3, வியாழன்

பொங்கல் நல்லாப் போச்சு. செண்பகம் குக்கர மாத்தல. சரின்னுட்டேன். அடுத்த வாரம் தென்காசிக்குப் போறோம்.

தை 6, ஞாயிறு

கூட்டம். எல்லாரும் நாட்குறிப்பக் கொண்டு வந்திருந்தாவ. வேலாயுதம் மொத நாளு மட்டும் எழுதியிருந்தாரு.

ஆவுடை வருவான்னு நான் நெனைக்கல. கடைசியா வந்து படிக்கட்டுக்குப் பக்கத்துல, மெம்பர் இல்லாதவங்க உக்காருற எடத்துல உக்காந்தா. வாய இறுக மூடிக்கிட்டா. விதி அவளுக்கு இன்னும் இருக்கு போல.

நான் எந்திரிச்சேன். நாற்காலிக்குப் போகல, நின்ன எடத்துல நின்னேன். "மன்றத்துக்கு ஒரு செய்தி. பட்டறையில நான் சொன்னது ஆவுடை கத இல்ல. அது நானாக் கட்டினது. அவ கத இது"ன்னு ஆரம்பிச்சு, லாரி திரும்பி வந்ததுலேருந்து அரை ஒழக்கு வரைக்கும் சொன்னேன். யாரும் சிரிக்கல. ஒழக்கக் கவுத்து வைக்கிற எடத்துல ஒரு அம்மா முந்தானைய வாயில வச்சுக்கிட்டாவ.

"கத வந்து சேரலன்னு சொன்னீங்கள்லா, வந்து சேந்துது. வாங்குறதுக்கு இங்க ஆளு இல்ல. காது ரெண்டும் போயி ரெண்டு வருசமாச்சு. மறைச்சு வச்சிருந்தேன். பிள்ளையத் தண்டிச்சுட்டீங்க, தண்டிக்க வேண்டியது என்னைய"ன்னு சொல்லிட்டு உக்காந்தேன்.

எல்லா வாயும் ஒரே நேரத்துல அசஞ்சுது. ஒண்ணும் புடிபடல. வேலாயுதம் எழுந்து என் முன்னால வந்து, ரெண்டு விரலால மீசைய மேல தூக்கிப் பிடிச்சுக்கிட்டு, "அப்பம் என் கவிதைக்கு ஆகான்னது?"ன்னு கேட்டாரு. "நீரு சந்தோசமாப் போகணும்ல வே"ன்னேன். அவருக்குக் கோவமா சிரிப்பான்னு தெரியல, மீசைய விட்டுட்டாரு.

தளவாய் பேசிக்கிட்டு இருந்தாரு. எனக்கு முதுகக் காட்டி, கரும்பலகைய அழிச்சுக்கிட்டே பேசுதாரு. கண்ணாடியக் கழத்தித் தொடச்சாரு, மாட்டினாரு, அப்பவும் திரும்பல. எல்லாரும் அவரையே பாக்காவ. ஒருத்தரு தலைய ஆட்டுதாரு. ஒருத்தரு என்னையத் திரும்பிப் பாத்துட்டு வெடுக்குன்னு கீழ குனிஞ்சுக்கிட்டாரு. ஆவுடை எந்திரிச்சு நின்னுட்டா. நானும் வழக்கம் போலத் தலைய ஆட்ட ஆரம்பிச்சுட்டேன், பாதியில நிறுத்தினேன்.

"தளவா, கேக்கல. இங்கிட்டுத் திரும்பி இன்னொருக்க சொல்லும்."

திரும்பினாரு. கண்ணு செவந்து இருந்துது. ரெண்டு விசயம் சொன்னாரு, ஒவ்வொண்ணா, என் மூஞ்சியப் பாத்து. பதிப்பாளருக்கு இப்பமே போன் போடுதேன், தொகுப்புல பதினோரு கதன்னாரு. முதல் காதுக்கு வேற ஆளு பாக்கணும் அண்ணாச்சின்னாரு.

ரெண்டும் தெளிவாக் கெடச்சுது.